விருந்தாளியாக நடத்தாத வீட்டுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ரென் நகரத்தில் நான் தங்கியிருந்த குடும்பத்துக்குப் பிரெஞ்சில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி, கிளம்பும் முன் கையிலேயே கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை பிழை திருத்திய கடிதம் என்பதால், நான் நினைத்ததைவிட மரியாதையாகவே அமைந்துவிட்டது. இது வேறு கடிதம். "முன்பின் தெரியாத வெள்ளைக்காரங்க வீட்டுல பொம்பளப் பிள்ளைய விட்டுட்டு எப்படித் தூங்குறீங்க?" என்று என் அம்மாவிடம் கேட்ட சொந்தக்காரர்களும், பிரான்ஸுக்குப் படிக்கப் போகலாமா என்று என்னிடம் விசாரிக்கும் தம்பி தங்கைகளும் படிக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன். நன்றிக்கு உரியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை. ஊரறியச் சொல்ல வேண்டியது என் கடன்.

ரென், பிரான்ஸின் மேற்கே பிரிட்டனி மாநிலத்தின் தலைநகர். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கே பொலியூ வளாகத்தில் சைபர் பாதுகாப்பில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. ஆனால் செப்டம்பர் மாதத்தில் அந்த ஊரில் மாணவர்களுக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. விடுதிகள் நிரம்பிவிட்டன. தனியார் அறை என்றால், பிரான்ஸில் சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். திண்டுக்கல்காரிக்கு அங்கே யார் கையெழுத்துப் போடுவார்? அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா, "ஒரு குடும்பத்தோடு தங்கச் சம்மதமா?" என்று கேட்டு எழுதினார். கேட்டதோடு விடாமல், அந்தக் குடும்பத்தோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்து, "உன் அம்மாவும் பக்கத்தில் உட்காரட்டும்" என்றும் சொன்னார். முதல் நன்றி அவருக்கு. அன்று என் அம்மா அந்த வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்திராவிட்டால் நான் விமானமே ஏறியிருக்க மாட்டேன்.

வீட்டில் நான்கு பேர். வீட்டம்மா நர்ஸ். அவர் கணவர் பஸ் பழுதுபார்க்கும் மெக்கானிக். வீட்டம்மாவின் அப்பா ஒரு விவசாயி. நிலத்தை விட்டுவிட்டு வந்து கீழ்த்தளத்து அறையில் இருந்தார். அப்புறம் சின்னவள், எட்டு வயது, அந்த வீட்டின் உண்மையான அதிகாரி.

நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் தண்ணீர் எடுக்கக்கூட எழுந்திருக்க விட மாட்டோம். "நீங்க உட்காருங்க" என்று கையைப் பிடித்து அமர்த்துவோம். அங்கே நான் போய்ச் சேர்ந்த மறுநாளே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வாரப் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் மேஜை போடுவது, புதன்கிழமை குப்பை பிரித்து வெளியே வைப்பது. "காசும் குடுத்துட்டு வேலையும் பாக்கணுமா?" என்று அம்மா போனில் பொரிந்து தள்ளினார். எனக்கும் முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் மேஜை போடுகிறவளுக்குத் தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, கத்தி எந்தப் பக்கம் வைக்க வேண்டும், ரொட்டியைத் தட்டில் வைக்காமல் விரிப்பின் மேலேயே வைப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும் அல்லவா? அது தெரிந்துவிட்டால் ராத்திரி பசித்தால் யாரிடமும் கேட்காமல் அலமாரியைத் திறக்கலாம். விருந்தாளி என்று உட்கார வைத்திருந்தால், கடைசி நாள் வரை ஒரு டம்ளருக்கும் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன். அந்தப் பட்டியலில் என் பெயரை எழுதியது வீட்டுக்காரர். அவருக்கு நன்றி.

வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடந்ததால், என் பிரெஞ்சு வளர்ந்தது அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததாக நினைவில்லை. முதலில் சூப் அல்லது சாலட், பிறகு சாப்பாடு, பிறகு சீஸ், கடைசியில் பழமோ தயிரோ. நடுவில் பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. 2023இல் ஓய்வு பெறும் வயதை 62இலிருந்து 64 ஆகப் படிப்படியாக உயர்த்தச் சட்டம் போட்டார்களே, அதைப் பற்றித் தாத்தாவும் மருமகனும் போட்ட சண்டையை முதல் தடவை கேட்டபோது கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்தேன். அடுத்த நிமிடம் தாத்தா, "இதை வெட்டு, பழுத்திருக்கிறது" என்று சீஸ் பலகையை மருமகன் பக்கம் தள்ளுகிறார்.

நான் வாயைத் திறந்தால் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, வினைச்சொல் கிடைக்காமல் நடுவில் நான் திணறினால் யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள். நன்றாக ஆங்கிலம் தெரிந்த வீட்டம்மாகூட உதவிக்கு வர மாட்டார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சூப் ஆறும். என் காது சூடாகும். கடைசியில் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு விகுதியோடு வாக்கியம் வந்து சேரும். வந்த பிறகுதான் சின்னவள் திருத்துவாள்: கத்தி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், இதுகூடவா தெரியாது என்பது போல ஒரு பார்வை. அவர்கள் அவசரப்பட்டு முடித்துக்கொடுத்திருந்தால் எனக்கு அன்றைய தினம் சுலபமாகப் போயிருக்கும், அவ்வளவுதான். சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை என்று என் வாக்கியத்துக்காக உட்கார்ந்திருந்த அந்த நான்கு பேருக்கும் நான் பட்டிருக்கும் கடன் வாடகைக் கணக்கில் அடங்காது.

சாப்பாட்டு விஷயத்தில் நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. சொல்வது சுலபம். அந்த ஊரில் பன்றிக்கறித் துண்டுகள் சாலட்டிலும் இருக்கும், முட்டை ஊற்றிச் சுடும் கீஷிலும் இருக்கும், பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் காய்கறிப் பொரியலிலும் இருக்கும். மிட்டாயில் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். வீட்டம்மா கடைக்குப் போனால் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும் படிப்பார். வெளியே சாப்பிடப் போகிற நாளில் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுவார். எனக்காக வீட்டுச் சமையலையே மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். அவர்களுக்கு உள்ளது அவர்களுக்கு, எனக்கு முட்டையோ மீனோ. யாரும் யாருக்காகவும் தியாகம் செய்யவில்லை. அதனால்தான் கூச்சமில்லாமல் சாப்பிட முடிந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி கலெத். பிரிட்டனியின் அடையாளமே அதுதான். சரஸான் என்ற பழுப்பு மாவை உப்பும் தண்ணீரும் விட்டுக் கரைத்து ஊறவைத்து, பிலிக் என்று சொல்லும் பெரிய வட்ட இரும்புக் கல்லில் ஊற்றி, ரொஸெல் என்ற மரக்கட்டையால் காகிதம் போல இழுப்பார்கள். நடுவில் முட்டை, சீஸ், காளான் வைத்து நான்கு பக்கமும் மடிப்பார்கள். கூடக் குடிப்பதற்கு லே ரிபோ. ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மோர்! பெருங்காயமும் கறிவேப்பிலையும்தான் இல்லை.

அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் தோசை நினைப்பு வராமல் இருக்குமா? அரிசியும் உளுந்தும் வாங்க பாரிஸில் லா ஷப்பேலுக்குப் போனேன். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. கடைக்கார அண்ணா, "ரென்னிலயிருந்து உளுந்து வாங்கவோ வந்தனீங்கள்?" என்று சிரித்து, ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒரு பொட்டலத்தைக் காசு வாங்காமல் பையில் போட்டார். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் "தங்கச்சி, பாடம் எப்பிடிப் போகுது?" என்று கேட்பார். ஊர் விட்டு ஊர் வந்து நிலைகொள்வது எப்படி என்று நான் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அண்ணாவுக்கும் நன்றி.

மாவு அரைத்தாகிவிட்டது. நவம்பர் குளிரில் அது புளித்தால்தானே? வீட்டுக்குள்ளே வெப்பத்தை 19 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். இங்கேதான் தாத்தா வந்தார். ஆயுசு பூராவும் ஆப்பிளைப் பிழிந்து புளிக்கவைத்து வீட்டிலேயே சைடர் போட்டவர். பாத்திரத்தைத் திறந்து முகர்ந்தார். "இன்னும் எழுந்திருக்கவில்லை" என்று சொல்லி அப்படியே தூக்கிக்கொண்டு போய் பாய்லருக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பழைய கம்பளியைச் சுற்றினார். ராத்திரி எழுந்து ஒரு தடவை போய்ப் பார்த்தாராம், மறுநாள் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். காலையில் மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது. பிலிக்கில் தோசை நன்றாகவே வந்தது. தாத்தா மட்டும் உப்பு வெண்ணெய் தடவிக்கொண்டு சாப்பிட்டார். பிரிட்டனிக்காரரிடம் அதைத் தடுக்க முடியாது.

அம்மா கொடுத்துவிட்ட அலுமினியக் குக்கர் அங்கே வேலைக்காகவில்லை. இண்டக்ஷன் அடுப்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கும் தாத்தாதான், பரணிலிருந்து செப் கம்பெனியின் பழைய ஸ்டீல் குக்கரை இறக்கிக் கொடுத்தார். விசில் அடிக்காது, விடாமல் சீறிக்கொண்டே இருக்கும். கணக்கு வைப்பது கஷ்டம். ஆனாலும் பருப்பு வெந்தது.

காகித வேலைகளைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. வந்து மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். வங்கியில் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். மருத்துவக் காப்பீட்டுப் பணம் வர வங்கிக் கணக்கு வேண்டும். வீட்டுக்காரர் ஒரு நீல நிற ஃபைல் வாங்கி, நான் அவர் வீட்டில் இருக்கிறேன் என்ற கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், மின்சார பில் எல்லாவற்றிலும் பல பிரதிகள் எடுத்து வைத்துக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் வாங்கு என்று புறப்படும் முன்பே எச்சரித்தவர் சென்னை அலியான்ஸ் பிரான்சேஸில் எனக்குப் பாடம் நடத்திய டீச்சர். அவர் சொன்னதைக் கேட்டதால் பிழைத்தேன்.

ஜனவரியில் காய்ச்சல் வந்தபோது வீட்டம்மா அவர்களுடைய குடும்ப டாக்டரிடமே அழைத்துப் போனார். புதிய நோயாளிகளைச் சேர்க்கும் டாக்டரைப் பிடிப்பது அங்கே பெரிய பாடு. அப்படி ஒரு டாக்டர் பெயரில் பதிவு செய்துகொண்டால்தான் காப்பீடு 70 சதவீதம் திருப்பித் தரும். இல்லாவிட்டால் 30தான். வீட்டம்மா அந்த வரவேற்பறையில் நின்று என்ன பேசினார் என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. "எங்கள் வீட்டுப் பெண்" என்றது மட்டும் காதில் விழுந்தது. பதிவாகிவிட்டது.

பக்கத்து வீட்டு ஆசிரியைக்குத் தனியாக நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடி, ஊரே அடங்கிப்போய், எனக்கு வீட்டு நினைப்பு முட்டிக்கொண்டு வரும் நேரம் பார்த்து அழைப்பார். வெஸ்ட் பிரான்ஸ் நாளிதழை என் முன் விரித்து, சத்தமாகப் படிக்கச் சொல்வார். பிரான்ஸிலேயே அதிகம் விற்கும் அந்தப் பத்திரிகை ரென்னிலிருந்துதான் வருகிறது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. பெரும்பாலும் மரண அறிவித்தல்களைத்தான் படிக்கச் சொல்வார். உச்சரிப்புக்கு நல்லதாம், ஊர்ப் பெயர்கள் நிறைய வரும்.

நவம்பர் முதல் தேதியும் மறக்கவில்லை. பூக்கடை வாசலெல்லாம் செவ்வந்தித் தொட்டிகள். நமக்குச் சாமிக்கும் தலைக்கும் உள்ள பூ, அங்கே கல்லறைக்கு உரியது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் மறுநாள் கல்லறைத் திருநாள் கொண்டாடுவார்கள் என்று சொன்னேன். தாத்தா ஒரு தொட்டியை என் கையில் கொடுத்து, "அப்படியானால் நீயும் வா" என்றார். பாட்டியின் கல்லை நான்தான் கழுவினேன். சின்னவள் தண்ணீர் ஊற்றினாள். குடும்ப விஷயம், நீ வீட்டில் இரு என்று சொல்லியிருந்தால் நான் தப்பாகவே நினைத்திருக்க மாட்டேன்.

இப்போது படிப்பு முடிந்து ஊரில் இருக்கிறேன். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் அவர்கள் நான்கு பேரும் திண்டுக்கல் வருகிறார்கள். அம்மா இப்போதே புது மெத்தை, புது டம்ளர் என்று ஆரம்பித்தாயிற்று. யாரையும் அடுப்படிப் பக்கம் விடப்போவதில்லை என்கிறார். நான் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டப்போகிறேன் என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சின்னவளுக்குக் கோலப்பொடி, வீட்டுக்காரருக்குத் தண்ணீர் மோட்டார், தாத்தாவுக்கு இலை அறுக்கும் வேலை. வீட்டம்மாவுக்கு என்ன கொடுப்பது என்றுதான் இன்னும் அம்மாவோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் திண்டுக்கல் பெண்