வீணாய்ப் போன ஒரு வருடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் ஐடிஐக்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். ரோபோ படம் அருமை. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டத்தையும் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். கடைசிப் பத்திதான் இடித்தது. வேலை தெரிந்தவர்கள் கம்பெனிகளில் ஏராளம், அவர்களைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தச் சொன்னால் போயிற்று, கற்பிக்கும் முறையைப் படிக்க அனுப்பி ஒரு வருடத்தை வீணாக்குவானேன் என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கிறார்.

அந்த ஒரு வருடத்தை வீணாக்கியவர்களில் அடியேனும் ஒருவன்.

ஐடிஐயில் ஃபிட்டர் ட்ரேடு, அதாவது இயந்திர பாகங்களை ராவிப் பொருத்தும் தொழிற்பிரிவு முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, துவாக்குடியில் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தவன். கட்டுரையாளர் தேடுகிற 'வேலை தெரிந்தவன்' நான்தான். 1987-இல் அரசு ஐடிஐயில் பயிற்றுநராகச் சேர்ந்த முதல் நாளே, பையன்களைச் சுற்றி நிற்கவைத்து மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றை அரத்தால் ராவிக் காட்டினேன். பத்து நிமிடத்தில் மட்டமாக வந்துவிட்டது. 'பார்த்தீர்களா, அவ்வளவுதான்' என்றேன். பையன்கள் ராவினார்கள். ட்ரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. திட்டினேன். மறுநாளும் மேடு. மறுபடி திட்டினேன். இரண்டு வருடம் நான் நடத்திய பாடம் இதுதான்.

1989-இல் என்னைச் சென்னை கிண்டிக்கு அனுப்பினார்கள். மத்திய அரசின் பயிற்றுநர் பயிற்சிக்கூடம். இன்றைக்குத் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் என்று பெயர். கட்டுரையில் அந்தப் பெயரே காணோம். உங்களுக்குத் தெரியாததல்ல, இடம் போதவில்லை போலும்.

அங்கே ஒரு நாள் எங்கள் பயிற்சி அலுவலர் ஒரு பொட்டலம் உதிரி மல்லியும் நூலும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எங்களில் மதுரைக்காரர் ஒருவர் பூக்கட்டுவதில் கெட்டிக்காரர். அவரைக் கட்டச் சொன்னார். மளமளவென்று ஒரு முழம் கட்டிவிட்டார். 'இப்போது இவருக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று என்னைக் கைகாட்டினார். மதுரைக்காரர் மறுபடி மளமளவென்று கட்டினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 'கையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள்' என்றார் அலுவலர். அவ்வளவுதான், மனிதர் திணறிப்போனார். எந்த விரல் நூலை இழுக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு அசைவையும் நிறுத்தி நிறுத்தி, இத்தனை காம்பு, இந்த விரலில் பிடி, இங்கே கண்ணி, இப்போது இழு என்று எழுதவைத்தார். மாலைக்குள் நானும் கட்டினேன். கோணல்மாணலாகத்தான், ஆனால் பூ உதிரவில்லை.

அன்று இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து ராவுவதையும் அப்படி எழுதிப் பார்த்தேன். அரத்தை முன்னால் தள்ளத் தொடங்கும்போது நுனியைப் பிடித்த இடது கையில் அழுத்தம் அதிகம். தள்ளத் தள்ள அது குறைந்து, முடிவில் வலது கைக்கு வந்துவிட வேண்டும். திரும்பி இழுக்கும்போது அழுத்தமே கூடாது. இந்த மாற்றம் நிகழாவிட்டால் அரம் ஏற்றப்பலகை மாதிரி ஆடும், ஓரங்கள் தேயும், நடுவில் மேடு நிற்கும். ஏழு வருடமாக என் கை செய்துகொண்டிருந்த காரியம். இதை ஒரு பையனுக்கும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்? இரண்டு வருடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆயத்தப்படுத்து, செய்துகாட்டு, செய்யவை, சோதி என்ற நான்கு படியும் அங்கே படித்ததுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் ஆட்களைப் பழக்குவதற்கு சார்லஸ் ஆலன் என்ற அமெரிக்கர் வகுத்தது. நூறு வருடமாக வீணாகிக்கொண்டிருக்கிறது, பாவம்.

கிண்டியிலிருந்து திரும்பியதும் நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலின் பெரிய மாதிரி ஒன்றை நான்கடி நீளத்தில் மரத்தில் செய்தேன். 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரிப்பதால்தான் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்க முடிகிறது என்பது கடைசி வரிசைப் பையனுக்கும் தெரியவேண்டுமே. நான் ஓய்வுபெற்ற அடுத்த வருடம், 'நவீனப்படுத்துகிறோம்' என்று அதைப் பழைய பெஞ்சுகளோடு சேர்த்து ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். அதை விடுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த இரண்டு வருடம் பி.எட். படிக்கிறார்கள். என் மருமகளும் படித்தாள். அது வீண் என்று உங்கள் பத்திரிகையில் நான் வாசித்ததில்லை. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும் லேத்துக்கு, அதாவது கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் பதினேழு வயதுப் பையனை நிறுத்துகிறவனுக்கு மட்டும் வீண். ஒரு ட்ரேடில் இரண்டு பயிற்றுநர் என்றால் ஒருவர் டிப்ளமோவோ டிகிரியோ, மற்றவர் ஐடிஐ சான்றிதழோ பெற்றவராக இருக்கலாம். கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் இருவருக்கும் வேண்டும் என்று மத்திய பாடத்திட்டத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நடைமுறையில், மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வந்த தம்பிகளைச் சேர்ந்த அன்றே வகுப்புக்குள் அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

முப்பது வருடச் சர்வீஸில் ஆசிரியர் தினத்தன்று எனக்கு ஒரு வாழ்த்துக்கூட வந்ததில்லை. ஐடிஐ மாஸ்டர் ஆசிரியர் கணக்கில் வரமாட்டான் போலிருக்கிறது. உங்கள் பத்திரிகை மட்டும் விதிவிலக்கா? பையன்கள் பஸ் ஸ்டாண்டில் அடித்துக்கொண்டால் முதல் பக்கம். மற்ற நாளில் ஆயுத பூஜைக்கு ஒரு படம். அதிலும் போன வருடம் லேத்துக்குப் பொட்டு வைக்கும் படத்தைப் போட்டு 'துளையிடும் இயந்திரத்துக்குப் பூஜை' என்று எழுதியிருந்தீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். 2018-இல் ஐடிஐக்களில் செமஸ்டரை எடுத்துவிட்டு மறுபடி வருடாந்திர முறைக்கு மாற்றியபோதும் போட்டேன். மூன்று பக்கத்தை இரண்டு வரியாக்கி வெளியிட்டீர்கள். நன்றி.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐடிஐ சேர்க்கை அறிவிப்பை வருடாவருடம் போடுகிறீர்கள். அதன் அடியில், பயிற்றுநர் பயிற்சிக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு நடக்கிறது, கிண்டியில் படிக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். கம்பெனியில் நன்றாக வேலை தெரிந்த பையன் எவனாவது பார்ப்பான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
திருவெறும்பூர்.

பி.கு.: சுருக்குவதானால் லேத் விஷயத்தை வெட்டிக்கொள்ளுங்கள். பூக்கட்டிய பகுதியில் கை வைக்க வேண்டாம்.