குழுக்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 ஜூனில் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் நான் இதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். கொரோனாவுக்குப் பின் மூன்றாம் வகுப்புக்கு வந்த பலருக்கு எழுத்தே பிடிபடாமல் இருந்தது. அவர்கள் முன் மூன்றாம் வகுப்புப் பாடத்தை விரித்து வைப்பது கொடுமை.

ஆனால் ஜூனில் அடிநிலையான அரும்புக் குழுவில் உட்கார்ந்த பிள்ளை ஏப்ரலிலும் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தமிழில் அரும்பு என்றால் கணக்கிலும் அரும்பு, பாட்டுப் பாடும்போதும் அரும்பு. "அவன் அரும்பு, டீச்சர்" என்று பக்கத்துப் பிள்ளையே சொல்லிவிடுகிறது. எட்டு வயதில் கேட்கிற அந்தச் சொல்லைப் பிள்ளை நம்பிவிடும்.

என் வகுப்பில் ஒரு மாணவி. அம்மாவுடன் சந்தையில் காய்கறிக் கடையில் நிற்பவள். ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை எவ்வளவு என்றால் தாள் இல்லாமலே சொல்லிவிடுவாள். நான்கு வரி வாசிக்கச் சொன்னால் திணறுவாள். இவளை எந்தக் குழுவில் சேர்ப்பது? தமிழுக்கு ஒன்றில், கணக்குக்கு வேறொன்றில். அதனால் என் வகுப்பில் குழுவுக்கென்று நிரந்தர இடம் கிடையாது. 'கெ', 'கே' இரண்டிலும் கொம்பு மாற்றிப் போடுகிறவர்களைச் சில நாள் தனியே உட்கார வைப்பேன். அந்தக் குழப்பம் தீர்ந்ததும் அந்தக் குழு கலைந்துவிடும். பூச்சியம் வரும் எண்ணில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவர்கள் இன்னொரு குழு. அதில் தமிழை நன்றாக வாசிக்கிறவர்களும் இருப்பார்கள். கதை நேரத்திலும் சூழ்நிலையியல் பாடத்திலும் எல்லா நிலையினரும் கலந்துதான் உட்காருவார்கள். சரளமாக வாசிப்பவன் வாசிக்க, வாசிக்கத் திணறுகிறவள் படம் வரைந்து விளக்குவாள்.

இது புதிதும் அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், அதாவது பிள்ளைகள் பாட அட்டைகளை ஒவ்வொன்றாக முடித்துத் தம் வேகத்தில் முன்னேறும் முறையில், பிள்ளை கையிலெடுக்கும் அட்டைதான் அன்று அவன் எந்தக் குழுவில் அமர்வது என்பதைச் சொன்னது. அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணிப்படியில் ஏற ஏற உடன் அமர்பவர்களும் மாறினார்கள். அந்த முறையில் குறைகள் உண்டு; ஆசிரியர் வரும்வரை பிள்ளைகள் காத்துக் கிடந்ததும் உண்மை. ஆனாலும் குழு மாறக்கூடியது என்பதை அது கண்கூடாகக் காட்டியது.

இப்படி மாற்றி மாற்றி அமைக்க ஆசிரியருக்கு ஓய்வாகச் சிந்திக்க நேரம் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே மூன்று வகுப்புகளைப் பார்க்கிறார். மற்றவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் அவர் தலையில்தான். அந்த நிலையில் ஒருமுறை பிரித்த குழுவை அப்படியே விட்டுவைப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் குழுக்கற்றலைப் பற்றி எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பயனில்லை.

பார்வைக்கு வரும் அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். மூன்று குழுக்களும் தனித்தனியே வரிசையாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்க்காதீர்கள். இந்த மாதம் எந்தப் பிள்ளை, எந்தப் பாடத்தில், எந்தக் குழுவிலிருந்து எதற்கு மாறியது என்று கேளுங்கள். பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.