கோத்தகிரியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கும், கோவை டாக்டரம்மாவுக்கும், எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுச் சனங்களுக்கும்,

பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டது. இப்போதுதான் எழுதக் கை ஒழிந்தது.

அடுத்தடுத்துக் கரு கலைந்தபோது கர்ப்பப்பைக்கு வலு பத்தாது என்றார்கள், சாமி குத்தம் என்று கயிறும் கட்டினார்கள். "ரத்தத்துல ஒரு டெஸ்ட் பாக்கணும், கோயமுத்தூர் போ" என்று சீட்டு எழுதித் தந்தவர் நீங்கள்தான், நர்ஸம்மா.

டாக்டரம்மா விளக்கியதை இங்கே எழுதிவைக்கிறேன், எஸ்டேட்டில் இன்னொருத்திக்கு உதவும். பிள்ளையில் பாதி அப்பாவின் கூறு. ஆனாலும் தாயின் எதிர்ப்பு சக்தி அதை விரட்டுவதில்லை. சும்மா இருப்பதும் இல்லை. கர்ப்பப்பையிலுள்ள எதிர்ப்பு அணுக்களே ரத்தக் குழாய்களை அகலப்படுத்தி நஞ்சுக்கொடிக்கு வழிசெய்கின்றன. எனக்கு இருந்தது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். உடம்பு தப்பாக உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கெடுக்கும், ரத்தத்தையும் உறையவைக்கும். லைன் குழாயில் மண் அடைத்த கதைதான். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாதாம், 12 வாரமாவது கழித்து மறுபடியும் வந்தால்தான் உறுதி. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே!

மறுபடி உண்டானதும், ரத்தம் உறையாமலிருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின், தினமும் வயிற்றில் ஹெபாரின் ஊசி. அந்த ஊசி மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் என் மாமியார் வாய் மூடினார். பக்கத்து வீட்டு அக்கா ஊசி போடப் பழகிக்கொண்டு, கொழுந்து எடை போட்டுத் திரும்பியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவார். தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்துக் கிடக்கும். "இன்னைக்கு எந்தப் பக்கம் புள்ள?" என்று தேடிப் பார்த்துத்தான் குத்துவார். அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

இந்த நோயில் பிரஷர் ஏறி வலிப்புவரை போகக்கூடும் என்பதால், நர்ஸம்மா மழையிலும் பிரஷர் மெஷினோடு மேடேறி வந்தார். தலைவலியா, கண் மங்குதா, முகம் வீங்குதா என்று வேறு துருவித் துருவிக் கேட்பார். அப்போது எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

கடைசி மாதம் மேட்டுப்பாளையம் சித்தி வீட்டில் இருந்தேன். ஹெபாரினை நிறுத்திச் சில மணி நேரம் போனால்தான் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட முடியும். வலி எடுத்தபின் மலையிறங்கினால் அதற்கெல்லாம் அவகாசம் ஏது? சித்திக்கும், லீவு தந்த சூப்பர்வைசர் அண்ணனுக்கும் நன்றி.

பிரசவத்துக்குப் பின் 6 வாரம் போட்ட ஊசியும் முடிந்தது. பழைய ஊசிகளை டப்பாவில் மூடிவைத்திருக்கிறேன், நர்ஸம்மா. 14 வாரத் தடுப்பூசிக்குப் பாப்பாவைத் தூக்கி வரும்போது கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா