எல்லைக் கிராமத்துக்கு ஒரு மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 மே 7 அன்று ஜம்மு காஷ்மீரில் பாகிஸ்தான் எல்லையோரம் உள்ள பூஞ்ச் நகரில் குண்டுகள் விழுந்ததை டெல்லியில் நாம் செய்தியாகப் படித்தோம். எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவிக்கு அது சொந்த மாவட்டம். எல்லையை ஒட்டிய கிராமம். ராத்திரியானால் ஊரிலுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போனில் கணக்கு நடத்துகிறாள். சிக்னல் விட்டுப்போனால் சலிக்காமல் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். படிப்பு முடிந்ததும் ஊராட்சித் தேர்தலில் நிற்பேன் என்கிறாள். ஜம்மு காஷ்மீரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2024 ஜனவரியிலேயே முடிந்தும் உரிய காலத்தில் தேர்தல் நடக்காதது இவளைப் போன்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எல்லையோர மக்களுக்கு இடஒதுக்கீடு இருக்கிறது, சரி. முன்பு பாகிஸ்தானுடனான கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய ஊர்களுக்கு இருந்த அதை, 2019 சட்டத்திருத்தம் சர்வதேச எல்லைப் பகுதிக்கும் நீட்டித்தது. ஆனால் குண்டுவீச்சால் பள்ளியை மூடும்போது விட்டுப்போகும் பாடத்தை யார் நடத்துவது? பள்ளி வளாகத்திலேயே பதுங்குகுழியும், இழந்த நாட்களுக்குச் சிறப்பு வகுப்பும் அரசு கட்டாயம் தர வேண்டும்.

டெல்லித் தமிழர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர். இந்தியில் பாடம் சொல்லத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனில் ஒதுக்கலாமே. நான் அறிவியல் எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஆங்கிலத்துக்குத்தான் ஆள் தேவை.

ஒரு வாசகி,
மயூர் விஹார், டெல்லி