ராஸ்பெர்ரி நடப்போகும் தோழிக்கு

திருவான்மியூர், சென்னை
கார்த்திகை 10

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உதகை வீட்டின் பின்புறம் சும்மா கிடக்கும் ஐந்து சென்ட் நிலத்தில் ராஸ்பெர்ரி வைக்கப்போவதாக எழுதி, "தாவரவியல் நடத்தியவள் நீதானே, வழி சொல்" என்று பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் நடத்தியவள்தான்; ஆனால் இந்தச் செடியைப் பற்றி நான் அக்கறையாகப் படித்ததெல்லாம் என் மொட்டைமாடியில் அதனிடம் தோற்ற பிறகுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மார்கழியில், இணையத்தில் பார்த்த படத்துக்கு மயங்கி மூன்று கன்றுகள் வரவழைத்தேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து பைகளில் வைத்துக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். இரண்டு கன்றுகள் பங்குனியிலேயே இலையோரம் கருகத் தொடங்கி, அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் விறகாகிவிட்டன. மூன்றாவது மட்டும் மளமளவென்று வளர்ந்து, என் பெருமையையும் வளர்த்து, காய்த்தபோது முசுக்கட்டை, அதாவது மல்பெரி, என்று தன்னைக் காட்டிக்கொண்டது. இலையைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டாமா என்று மருமகள் கேட்டாள். தெரிந்திருக்க வேண்டும்தான், ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஆகவே நீ கன்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்த்து வாங்கு. ராஸ்பெர்ரியின் இலை மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை. அதன் அடிப்புறம் சாம்பல் பூசியதைப் போல வெளுத்திருக்கும்.

என் கன்றுகள் வெயிலைத் தாண்டி உயிரோடு நின்றிருந்தாலும் பழம் தந்திருக்காது. குளிர்நாட்டுச் செடியான அது ஆண்டுக்கொருமுறை உறங்கி எழ வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். இங்கே தை மாத இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. உன் ஊரில் உறைபனி படியும் என்பது உண்மை. ஆனால் பனி படிந்த அதே நாளில் மதியம் வெயில் காய்கிறதே. ஓர் இரவுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்து எழுபது இரவுகளைக் கணக்கிட்டாலும் 420 மணி நேரம்தான் தேறுகிறது. அதனால்தான் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் பிடிவாதம் பிடிக்கப்போகிறேன்.

ராஸ்பெர்ரியை வாழையாக நினைத்துக்கொண்டால் உனக்குப் பாதி வேலை புரிந்துவிடும். வேர் பல ஆண்டுகள் இருக்கும், காய்த்து முடித்த தண்டு சாகும், பக்கத்தில் புதுக் கன்று முளைக்கும். வேறுபாடு என்னவென்றால், பழைய வகைகளில் தண்டு முதல் ஆண்டு வெறுமனே வளர்ந்து, குளிரில் உறங்கி, இரண்டாம் ஆண்டில்தான் காய்க்கும். உனக்கு அந்த வகை வேண்டாம். முளைத்த ஆண்டிலேயே தண்டின் நுனியில் காய்க்கும் வகையும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆய்வு நிலையத்தில் உருவாகி 1969-இல் வெளிவந்த ஹெரிடேஜ் அந்த வகைதான். அதிலேயே தொடங்கு. பழம் முடிந்து குளிரும் அடங்கிய பிறகு எல்லாத் தண்டுகளையும் தரையோடு அறுத்துவிடலாம். எதை வெட்டுவது, எதை விடுவது என்ற குழப்பமே இல்லை.

அந்த நிலத்தில் முன்பு உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். நீ போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் விளைந்த மண்ணில் வெர்டிசிலியம் என்னும் வாடல்நோய்ப் பூஞ்சை தங்கியிருக்கக்கூடும். அது ராஸ்பெர்ரியையும் பிடிக்கும். கடைசி அறுவடைக்குப் பிறகு நான்கு ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் ஆகவில்லையென்றால் வேலியோரத்தில் வேறு இடம் பார். அடுத்தது மண்ணின் புளிப்பு. கார அமில நிலை (pH) 5.6 முதல் 6.2 வரை இருந்தால் நல்லது. தேயிலை இதைவிடப் புளிப்பான மண்ணை விரும்புவதால், உன் பக்கத்து மண்ணைச் சோதித்துப் பார்த்து, தேவையானால் மட்டும் புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு இடு. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்பதால், சரிவிலும்கூட ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடு. கன்றுக்குக் கன்று இரண்டடி விட்டு, ஆழப் புதைக்காமல் நடு; இரு முனைகளிலும் தூண் நட்டுக் கம்பி இழுத்துத் தண்டுகளைக் கட்டிவிடு. வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுவதால் களைக்கொட்டு ஆழமாகப் போகக் கூடாது. காய்ந்த இலைகளால் மண்ணை மூடி மூடாக்கு போட்டுவிட்டால் களையெடுக்கும் வேலையும் குறையும். நடுவதற்கு மாசி வரை பொறுத்திரு, பாத்தியை இப்போதே தயார் செய்.

மலைச்சரிவுகளில் காட்டு ராஸ்பெர்ரி தானாகவே விளைகிறதே, அதையே கொண்டுவந்து வைத்தால் என்ன என்று கேட்டிருந்தாய். மஞ்சள் பழம் தரும் அந்த முட்புதரை நானும் சுவைத்திருக்கிறேன், அருமையான பழம். ஆனால் அதே செடி ஹவாய்த் தீவுகளில் காட்டையே விழுங்கி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது. ஐந்து சென்ட் அதற்கு ஒரு வாய்க்குப் போதாது! நடைபோகும் வழியில் பறித்துத் தின்பதோடு நிறுத்திக்கொள். பாத்திக்கு அருகே அது முளைத்தால் பிடுங்கிவிடு, ஏனென்றால் காட்டுச் செடியிலிருந்து அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி வழியாக நச்சுயிரி (வைரஸ்) நோய்கள் தாவ வாய்ப்பிருக்கிறது.

பழுத்த பழம் தொட்டவுடன் கழன்று வரும். நடுவிலுள்ள வெள்ளைக் குருத்து செடியிலேயே நின்றுவிடும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் அது இன்னும் பழுக்கவில்லை என்று பொருள், பறித்த பிறகும் அது பழுக்காது. எனக்குப் பழமாக அனுப்பிவிடாதே. நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்கு வருவதற்குள் கூழாகிவிடும். ஜாம் காய்ச்சி ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு. பதிலுக்கு என் முசுக்கட்டைப் பழத்தைத் தரலாம்தான், ஆனால் சின்னான் குருவிகள் எனக்கே மிச்சம் வைப்பதில்லை. நீயும் இப்போதே ஒரு வலை வாங்கி வைத்துக்கொள்.

மண் சோதனை முடிவு வந்ததும் எழுது.

உன் பழைய விடுதித் தோழி