ஜோர்ஜ்டவுன் நடைப்பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்குத் தீவிலுள்ள ஜோர்ஜ்டவுனுக்கு அழைத்துப் போகிறோம். "அங்கே எத்தனையோ தடவை போயிருக்கோமே, டீச்சர்!" என்றார்கள் பிள்ளைகள். உண்மைதான். தீபாவளித் துணி எடுக்கப் போயிருப்பார்கள், சாப்பிடப் போயிருப்பார்கள். தெருவைப் பார்ப்பதற்கென்று நடந்தவர்கள் ஒரு சிலர்தான்.

பாலம் வழியாகப் பேருந்தில் போகாமல், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் போகிறோம். நம் குடும்பங்களின் மூத்தவர்கள் பலர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்தக் கரைக்குத்தான் வந்தார்கள். அவர்கள் பார்த்தது போலவே பிள்ளைகளும் ஊரைக் கடலிலிருந்து முதலில் பார்க்கட்டும்.

இறங்கிய பிறகு நடைதான். 1818-இல் கட்டி முடித்த செயிண்ட் ஜோர்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி, ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும் சீனர்களின் குவான் யின் கோயில். அப்புறம் நம் மகாமாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். இத்தனையும் சில நிமிட நடைக்குள். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததற்கு இந்த அண்டை வாழ்க்கையும் ஒரு காரணம்.

கடைசியாக, 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அந்தப் பெயரைப் பற்றிப் பிள்ளைகள் உங்களிடம் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். இன்று நம்மைப் புண்படுத்தும் 'கெலிங்' என்ற அந்தச் சொல், அன்று தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணப் பெயராக இருந்தது. கப்பித்தான் என்றால் சமூகத் தலைவர். அந்தப் பொறுப்பில் இருந்த காதர் முகைதீன் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர். பள்ளிவாசலின் தொடக்கத்தில் அவர் பங்கு பெரியது. இதையும் நம் பிள்ளைகள் தங்கள் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முழங்காலை மூடும் உடை, தொப்பி, தண்ணீர்ப் புட்டி கொடுத்தனுப்புங்கள். கழற்றி மாட்ட எளிதான காலணி நல்லது. வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். உடன் வர முடிந்த பெற்றோர் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கூட்டமான தெருவில் பெரியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் உதவிதான்.

அனுமதிப் படிவம் புதன்கிழமைக்குள் வர வேண்டும். அதன் பின்பக்கத்தில், உங்கள் குடும்பத்தில் முதலில் இங்கே வந்தவரின் பெயரையும் ஊரையும் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். ஃபெரியில் வைத்து ஒவ்வொன்றாக வாசிக்கப் போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்