நான் சேர்த்த புள்ளிக்கு நீங்கள் வைக்கும் விலை: ஹோட்டல் குழுமங்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டங்களை நடத்தும் பெருமக்களுக்கு,

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக வேலை நிமித்தம் ஊர் ஊராகத் திரிகிறேன். ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது இரவுகள் ஹோட்டல் அறைகளில்தான் கழிகின்றன. உங்களில் மூன்று குழுமங்களில் நான் உறுப்பினர். சென்ற மாதம் ரயில் தாமதமான ஒரு மாலையில், நீங்கள் எனக்குத் தந்தது எவ்வளவு, உங்களுக்காக நான் கூடுதலாகச் செலவழித்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அந்தத் தாள்தான் இந்த மடலுக்குக் காரணம்.

முதலில் பெயர். தங்கும்போதெல்லாம் புள்ளி தந்து, சேர்ந்த புள்ளிகளுக்கு இலவச அறை தரும் இந்த ஏற்பாட்டை 'லாயல்டி' திட்டம் என்கிறீர்கள். தமிழில் விசுவாசம். நாயைப் பற்றியும், மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் உழைத்தவரைப் பற்றியும் பேசும்போது எங்களுக்கு வாயில் வரும் சொல் அது. நாய்க்காவது நேற்று வைத்த சோற்றைவிட இன்று வைத்தது குறைவு என்றால் தட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

விமான நிறுவனங்களைப் பார்த்துத்தான் நீங்கள் இதைத் தொடங்கினீர்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் பயணத் தூரத்துக்குப் பரிசு தரத் தொடங்கியது. 1983-இல் ஹாலிடே இன், மாரியட் ஆகிய ஹோட்டல் குழுமங்கள் அதே வழியில் இறங்கின. 1987-இல் ஹில்டன் சேர்ந்துகொண்டது. இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தை எங்கள் பழமொழி ஒன்று எப்போதோ சொல்லிவிட்டது: ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அறைக்குப் பணம் கட்டுவது என் அலுவலகம். புள்ளிகள் சேர்வது என் கணக்கில். பக்கத்துத் தெருவில் அதே வசதியோடு குறைந்த வாடகைக்கு அறை இருந்தாலும் நான் உங்களிடமே வருவேன் என்பது உங்களுக்குத் தெரியும். பல ஆண்டுகள் அப்படித்தான் வந்தேன். என் அலுவலகக் கணக்கர் இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

நெய் என் வீட்டுடையதாக இருக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. மாரியட்டின் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலருக்குப் பத்துப் புள்ளி. வரிக்குப் புள்ளி கிடையாது. 300 டாலர் வாடகையுள்ள ஓர் அறைக்கு 40,000 புள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு புள்ளி முக்கால் சென்ட். நூறு டாலர் செலவழித்தால் ஏழரை டாலர் திரும்பி வருகிறது. ஐம்பது இரவுகள் தங்கி 'பிளாட்டினம்' நிலைக்கு வந்தவருக்கு இன்னொரு பாதி சேர்ந்து பதினொரு டாலர் சொச்சம். மோசமில்லை. ஆனால் உங்கள் நூறு டாலர் அறையைவிடத் தனியார் ஒருவர் நடத்தும் விடுதி இருபது டாலர் குறைவாக இருந்தால், உங்களுக்குக் காட்டும் விசுவாசத்துக்கு நான் பணம் கட்டுகிறேன் என்று பொருள். என் தாளில் இப்படிக் கட்டிய இரவுகள்தான் நிறைய இருந்தன.

நீங்கள் தருவது தானமும் இல்லை. இணையத்தில் அறை பிடித்துத் தரும் நிறுவனங்கள் வழியாக நான் வந்தால், நூற்றுக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் தரகு போகிறது. அதனால்தான் அந்த வழியாக வருபவருக்குப் பொதுவாகப் புள்ளி தருவதில்லை. தரகில் மிச்சமாவதில் ஒரு பங்கை எனக்குத் தருகிறீர்கள். நியாயமான வியாபாரம். அதை வியாபாரம் என்றே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி வருத்தம் குறைந்திருக்கும்.

என் சண்டை விலையைப் பற்றியது. முன்பெல்லாம் எந்த வகை ஹோட்டலுக்கு எத்தனை புள்ளி என்று ஒரு பட்டியல் இருந்தது. ஹில்டன் 2017-இலும் மாரியட் 2022-இலும் அதைக் கைவிட்டன. இப்போது அறை வாடகை ஏற ஏறப் புள்ளியும் ஏறுகிறது. ஹயாத் குழுமமோ இவர்கள் விட்ட பிறகும் பட்டியலை விடவில்லை. எந்த ஹோட்டல் எந்த வகைக்கு மாறுகிறது என்பதை ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவித்து வந்தது. ஆக, செய்ய முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை.

உங்களில் ஒருவரிடம் (பெயர் வேண்டாம்) நான் இரண்டு ஆண்டுகள் புள்ளி சேர்த்தேன். அப்பாவையும் அம்மாவையும் ஒரு வாரம் கடற்கரையில் தங்க வைக்க வேண்டும் என்பது ஆசை. இலக்கை எட்ட இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது அதே அறைக்குக் கேட்கும் புள்ளி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. கடிதம் இல்லை, மின்னஞ்சல் இல்லை. அழைத்துக் கேட்டதற்கு, "புள்ளிகளின் மதிப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு" என்று விதியைப் படித்துக் காட்டினார்கள். வங்கி என் சேமிப்பைப் பார்த்து இப்படிச் சொல்ல முடியுமா? இத்தனைக்கும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் என் புள்ளிகள் நீங்கள் தர வேண்டிய கடனாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கடன் வாங்கியவரே கடனின் மதிப்பைக் குறைத்துக்கொள்வதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அதே ஆண்டின் கடைசி வாரத்தில் இன்னொரு கோமாளித்தனமும் செய்தேன். அடுத்த நிலைக்கு இரண்டு இரவுகள் குறைந்தன. என் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருந்த உங்கள் ஹோட்டலில் சொந்தப் பணத்தில் இரண்டு இரவுகள் படுத்து எழுந்து வந்தேன். அந்த நிலையைக் கடன் அட்டை வைத்திருப்பதற்காகவே சிலருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பிறகு தெரிந்தது. ஓர் இரவுகூடத் தங்காதவருக்கும் தங்க அட்டை! காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் தட்டோடு நின்றபோது காரணம் விளங்கியது.

வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பெயர்ப்பலகை தொங்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை உங்களுடையவை அல்ல, முதலாளி வேறொருவர். நான் தங்கும்போது பில்லில் ஒரு பங்கை அவர் உங்கள் திட்டத்துக்குக் கட்டுகிறார். புள்ளியில் நான் தங்கினால், ஹோட்டல் நிரம்பிய நாளைத் தவிர, நீங்கள் அவருக்குத் தருவது அறை வாடகையைவிட மிகக் குறைவு. பிறகு பெரிய அறையை எனக்குத் திறந்துவிட அவருக்கு மனம் வருமா? "மன்னிக்கவும், உயர்வகை அறை காலியில்லை" என்று அந்தப் பெண் தலைகுனிந்து சொல்கிறார். வாக்குக் கொடுத்தது நீங்கள், திட்டு வாங்குவது அவர்.

இந்தத் திட்டங்களே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஐம்பது, அறுபது இரவுகள், அதுவும் ஒரே குழுமத்தில், அதுவும் அடுத்தவர் பணத்தில் தங்குபவருக்கு லாபம்தான். இலவசச் சிற்றுண்டியும் மாலை நான்கு மணி வரை அறையைக் காலி செய்யாமல் இருக்கும் சலுகையும் புள்ளிகளைவிடப் பெரிது. நள்ளிரவு ரயிலுக்குக் காத்திருந்தவருக்கு அது புரியும். ஆண்டுக்குப் பத்து இரவு தங்குபவர், சேர்வதற்குக் காசில்லை என்பதால் சேர்ந்து, உறுப்பினர் விலையை வாங்கிக்கொண்டு, மற்றபடி எங்கே அறை மலிவோ அங்கே போகலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். புள்ளி விலையை ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள்; அதற்குள் சேர்த்தவற்றைப் பழைய விலையில் செலவழிக்க ஓராண்டு கொடுங்கள். இரண்டு ஆண்டு கணக்கில் அசைவில்லை என்று புள்ளிகளை அழிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். மகப்பேறு, நோய், வேலை இழப்பு என்று ஊர் சுற்றாமல் இருக்க மனிதர்களுக்கு ஆயிரம் காரணம் உண்டு.

கடற்கரை அறைக்கு இன்று காலை மறுபடி பார்த்தேன். இன்னும் ஏறியிருக்கிறது. என்னிடம் உள்ள புள்ளிகள் ஒரு வாரத்துக்குப் போதாது, நான்கு இரவுக்குப் போதும். அதையே பதிவு செய்துவிட்டேன். மீதி மூன்று இரவுகளுக்கு, அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, அட்டையும் புள்ளியும் இல்லாத ஒரு சின்ன விடுதியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் பதினோரு ஆண்டுகளாக ஓர் உறுப்பினர் எண்